ஏரிக்கடி ஊரின் சீட்டுக்கட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டித் தொழிலில் இருக்கிற யாரிடமும் என்னைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். மீன்பாடி வண்டியில் அட்டை ஏற்றி மிதித்தவன் இன்றைக்கு மூன்று ஷெட்டுக்கு முதலாளி என்று சொல்வார்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அட்டையை அச்சுப் போல வெட்டுகிற பஞ்சிங் மெஷின் பழுதானால் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டேன், நானே பிரித்து நானே மாட்டுவேன். இந்தப் பக்கத்து இனிப்புக் கடைகளில் பாதிக்கு என் பெட்டிதான் போகிறது. இதையெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. நான் ஆரம்பித்தால் “போதும்யா, காது வலிக்குது” என்று நிறுத்துவதற்கு வீட்டில் ஒருத்தி இருந்தாள். இப்போது நிறுத்த ஆளில்லை.

எங்கள் சீட்டுக்கட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதை எழுதினால் அவளையும் எழுதின மாதிரி ஆகும்.

கல்யாணமான முதல் ஐப்பசியில் ஏரி நிரம்பி எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. அப்போது நாங்கள் ஒரே அறை உள்ள லைன் வீட்டில் இருந்தோம். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தி, அதன் மேல் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்துகொண்டோம். வேலைக்குப் போக வழியில்லை, கரண்டும் இல்லை. என் சட்டைப் பையில் ஒரு சீட்டுக்கட்டு இருந்தது. எடுத்து விரித்தேன். அவள் முகம் மாறிவிட்டது.

“இந்த மூஞ்சிய என் ஊட்ல காட்டாத.”

“இன்னாமே, ராஜா இது.”

“ராஜாவோ கூஜாவோ. எங்கப்பன் இந்த மூஞ்சியப் பாத்துப் பாத்துதான் எங்க அடுப்பு வரைக்கும் வெச்சு ஆட்னான். அடுப்ப எடுத்துகினு போறப்ப அதுல சோறு வெந்துகினு இருந்துச்சு.”

பூந்தமல்லியில் அவள் அப்பாவைத் தெரியாதவர்கள் குறைவு. சீட்டில் வீடு போய், பாத்திரம் போய், கடைசியில் ஆளே எங்கேயோ போய்விட்டார். எனக்கு அதெல்லாம் தெரியும். ஆனால் மழை நாளில் பெண்டாட்டியோடு ஒரு ஆட்டம் போடுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். கெஞ்சினேன். கடைசியில் அவள் சொன்னாள்: “வேற ஊரு சீட்டா இருந்தா ஆடறேன்.”

“ராஜா இல்லாத சீட்டு எந்த ஊர்ல கீது?”

அவள் கட்டிலின் ஓரத்தில் குனிந்து, கீழே கலங்கலாக நின்ற தண்ணீரைப் பார்த்தாள். “தோ, இதுக்கடில ஒரு ஊரு கீது பாரு. அங்க இல்ல.”

அப்படித்தான் அந்த ஊர் பிறந்தது. அதற்குப் பெயர் வைக்கவில்லை, ‘அந்தூரு’ என்றுதான் சொல்லுவோம். ஏரிக்கு அடியில் இருக்கிறது. மேலே பரிசல் போனால் அங்கே இருப்பவர்களுக்கு அது மேகம். ராஜா கிடையாது, காசு கிடையாது. ஐந்து வரைக்கும்தான் எண்ணுவார்கள், அதற்கு மேல் எல்லாமே ‘நெறைய’. தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் மழை என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. யாரோ பார்த்ததாகச் சொன்ன கதை மட்டும் உண்டு. தெருவில் தண்ணீர் வடிந்த பிறகு நான் வேலை பார்த்த கம்பெனியில் வெட்டிப் போட்ட டூப்ளெக்ஸ் அட்டைத் துண்டுகளைக் கொண்டுவந்து பிளேடால் ஒரே அளவாக நறுக்கிக் கொடுத்தேன். அவள் படம் போட்டாள்.

ஸ்பேடு, ஆட்டின், டைமண்டு, கிளாவர் எதுவும் இல்லை. கதவு, விளக்கு, மீன் என்று மூன்று ஜாதி. ஒவ்வொன்றிலும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண், அதற்கு மேல் மூன்று ஆட்கள். ராஜா இருக்க வேண்டிய இடத்தில் மதகு திறக்கிறவள். ராணிக்குப் பதில் பாட்டுக்காரன். அதற்கடுத்து மாமியார்.

“தண்ணிக்கடில போயும் மாமியாரா?” என்றேன்.

“மாமியார் இல்லாத ஊர்ல எவ குந்துவா? சண்ட போட ஆள் வேணாமா?”

ஒரே எண்ணில், அல்லது ஒரே ஆளில், கதவு, விளக்கு, மீன் மூன்றும் சேர்ந்தால் ஒரு வீடு. ஏழு சீட்டில் இரண்டு வீடு கட்டி இறக்கினால் ஆட்டம் முடிந்தது. இவை தவிர மழை என்று ஐந்தே ஐந்து சீட்டு. மழைக்கு எண் கிடையாது. எந்த வீட்டிலும் எது குறைந்தாலும் அந்த இடத்தில் மழையை வைத்துக்கொள்ளலாம். நாம் ஜோக்கர் என்கிறோமே, அதுதான். ஆனால் ஜோக்கர் சிரிப்பான். அவள் மழையை அப்படிப் போடவில்லை. கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்த ஸ்டாம்ப் பேடில் சுண்டு விரலைத் தொட்டுத் தொட்டு, அட்டை முழுக்க நீலப் புள்ளியாக வைத்தாள். ஒரு மழை போல இன்னொரு மழை இருக்காது.

அந்த ஊரில் எதையும் தூக்கி எறிய மாட்டார்கள். அதனால் வேண்டாத சீட்டை நாம் ரம்மியில் அடிப்பதுபோல் கீழே அடிக்கக் கூடாது. கட்டிலிருந்து ஒன்றை எடுத்தால், வேண்டாத ஒன்றை எதிரில் இருப்பவரின் கையிலேயே கொடுக்க வேண்டும். அவர் அதை வைத்துக்கொண்டு தன் கையிலிருந்து வேறொன்றைக் கட்டின் அடியில் சொருகலாம், வேண்டாமென்றால் அதையே சொருகலாம். ஆகவே கட்டு தீரவே தீராது. ஒருவர் இறக்கினால்தான் ஆட்டம் முடியும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. சொந்தக்காரர்கள் அதற்காகப் பேசின பேச்சையெல்லாம் இங்கே எழுதி நான் அவர்களுக்கு விளம்பரம் கொடுக்கப் போவதில்லை. நான் தனியாகத் தொழில் ஆரம்பித்து, ஒரு ஷெட் இரண்டாகி, அண்ணனூரில் மனை வாங்கி மாடி வைத்து வீடு கட்டினேன். எது மாறினாலும் சாயங்காலம் நான் கைகால் கழுவி உட்கார்ந்தால் சீட்டு வரும், அதோடு செய்தியும் வரும்.

“இன்னிக்கு அந்தூர்ல ஒரே ரகள. மதகு தொறக்கறவ தூங்கிட்டா.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? பாட்டுக்காரன் எழுப்புனான். அவன் பாடுனா செத்தவனும் எழுந்து ஓடுவான். உன்ன மாதிரி.”

வசதி வந்த பிறகு, அந்தச் சீட்டுகளை என் மெஷினிலேயே பிரமாதமாகச் செய்து தருகிறேன் என்று நானாகவே ஒரு காரியம் செய்தேன். ஷெட்டில் டிசைன் போடுகிற பெண்ணைக் கொண்டு படங்களை கம்ப்யூட்டரில் ஏற்றி, வழுவழுவென்று லேமினேஷன் போட்டு, மூலைகளை வட்டமாக வெட்டி, தங்க எழுத்துப் பெட்டியில் வைத்துக் கல்யாண நாளுக்குக் கொடுத்தேன். சென்னையில் அதைவிட நல்ல வேலை யாரும் செய்திருக்க முடியாது. அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மழ அஞ்சும் ஒரே மாதிரி கீதேயா” என்றாள். மறுநாள் அதைப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு இரண்டு நாள் கோபம் இருந்தது. மூன்றாம் நாள் பழைய கட்டை எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தாள், ஆடினேன்.

அவளுக்கு ஒரு தம்பி. ஐயப்பன்தாங்கலில் இருக்கிறான், ஆட்டோ ஓட்டுகிறவன். அப்பா குணம் கொஞ்சம் அவனிடம் இறங்கியிருந்தது. ஸ்டாண்டில் சவாரி இல்லாத நேரமெல்லாம் ரம்மிதான். அதனால் அவள் எங்கள் சீட்டை அவன் தொடவே விட்டதில்லை. அவன் வந்தால் வாசற்படியில் நின்று எட்டிப் பார்ப்பான்.

“நானும் ஒரு கை போடறேங்க்கா.”

“உன் கை பட்டா அந்தூர்லயும் வட்டிக்கடை தொறந்துடுவாங்க. போய் சோறு துன்னு.”

“மாமா, நீயாச்சும் சொல்லு.”

“நான் அந்த ஊர்ல குடித்தனக்காரன்டா மச்சான். ஊட்டுக்காரம்மா அவதான்” என்பேன்.

போன வருஷம் அவளுக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. பெரிய டாக்டர்களிடமெல்லாம் காட்டினேன். காட்டாமல் விட்டான் என்று எவனும் சொல்ல முடியாது. கடைசியில் ஒரு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போங்கள், அவர் இஷ்டப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அழைத்துவந்தேன். ஹாலில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டேன். சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சின்ன மேஜையைக் கட்டிலோடு சேர்த்து வைத்து, அதில் சீட்டு போட்டோம்.

அதுதான் கடைசி ஆட்டம். அவளால் ரொம்ப நேரம் உட்கார முடியாது. நாலைந்து முறை எடுத்துக் கொடுத்ததும் மூச்சு வாங்கும். சீட்டுகளைக் குப்புற வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். மறுநாள் அங்கிருந்தே தொடருவோம். இப்படி ஒரே ஆட்டம் வாரக்கணக்கில் இழுத்தது.

என் கை நல்ல கை. ஒரு வீடு முழுதாகக் கட்டியாகிவிட்டது. இன்னொரு வீட்டுக்குக் கதவு மாமியாரும் விளக்கு மாமியாரும் கையில் இருந்தார்கள். மீன் மாமியார் வர வேண்டும், இல்லாவிட்டால் ஒரே ஒரு மழை வர வேண்டும். எதிலும் தோற்றுப் பழக்கமில்லாதவன் நான். தினமும் அவளைச் சீண்டிக்கொண்டே இருந்தேன்.

“இன்னிக்கு மழ வந்துடும் பாரு. வந்துச்சுன்னா உன் கத முடிஞ்சுது.”

“வரட்டும்.”

“சீக்கிரம் எடு. இன்னா யோசன?”

“இன்னா அவசரம் உனக்கு? பஸ்ஸா போவுது? நீயும் கீற, நானும் கீறேன்.”

எடுப்பாள், பார்ப்பாள், எடுத்த சீட்டையே என் கையில் கொடுப்பாள். கொடுக்கும்போது அவள் விரல் என் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் இருக்கும். எனக்கு அந்தச் சீட்டு உதவாது. அடியில் சொருகிவிட்டு, என் முறைக்கு எடுப்பேன். மழை வராது. கட்டை முறைத்துப் பார்ப்பேன். அவள் சிரிப்பாள்.

ஒரு மத்தியானம், கஞ்சி கொண்டுவரப் போன நான் திரும்பி வருவதற்குள் போய்விட்டாள். சீட்டு மேஜை மேல் அப்படியே இருந்தது. அவள் பக்கத்தில் ஏழு, என் பக்கத்தில் ஏழு, நடுவில் கட்டு.

மறுநாள் அவளை எடுக்கிற நேரம். எங்கள் பக்கத்தில் புதைப்பதுதான் வழக்கம். போகிறவர்களுக்குப் பிடித்ததைக் கூட வைத்து அனுப்புவோம், வெற்றிலையோ புடவையோ. நெற்றியில் ஒரு காசும் வைப்போம். பெரியவர் ஒருவர் காசை எடுத்தார். “அது வேணாம்” என்றேன். கூட்டம் முணுமுணுத்தது. அவள் தம்பி அவர் கையைப் பிடித்து, “உடு பெரியப்பா, அக்காவுக்கு ஆவாது” என்றான். பிறகு என்னிடம் வந்தான். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

“மாமா, அந்தச் சீட்ட வெச்சு அனுப்பு. ஆசையா ஆட்னுது.”

முழுக் கட்டையும் கொடுத்தால் எனக்கென்று எதுவும் மிஞ்சாது. கொடுக்காமலும் அனுப்ப முடியவில்லை. ஜனங்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள், வண்டி ஹாரன் அடிக்கிறது. மேஜைக்குப் போனேன். அவள் பக்கத்திலிருந்த ஏழு சீட்டையும் குப்புறவே சேர்த்தெடுத்து, அவள் வலது கைக்குள் வைத்து, விரல்களை மூடினேன்.

என்ன சீட்டு என்று நான் பார்க்கவில்லை. இத்தனை வருஷ ஆட்டத்தில் அவள் கையை நான் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கத் தோன்றவில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது எதிராளி கையைப் பார்ப்பவன் மனுஷனா?

காரியமெல்லாம் முடிந்தது. மேஜையை நான் எடுக்கவில்லை. வீடு பெருக்க வருகிற அம்மாவிடம், அதைத் தொட்டால் வேலை போய்விடும் என்று சொல்லிவைத்தேன். என் ஏழு சீட்டைத் தினமும் எடுத்துப் பார்ப்பேன். கதவு மாமியார், விளக்கு மாமியார். ஒரு மழை. ஒரே ஒரு மழை வந்திருந்தால் ஆட்டத்தை முடித்து, நான் ஜெயிச்சேன் என்று அவளிடம் சொல்லியிருப்பேன், அவள் “போதும்யா” என்றிருப்பாள். முடிக்காமல் போய்விட்டாளே என்று அவள் மேல்கூட எனக்கு வருத்தம். என் கம்பெனியில் மணிக்கு ஆயிரக்கணக்கில் அட்டை வெட்டுகிறேன். இந்த ஒரு ஆட்டத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

மச்சான் ஞாயிற்றுக்கிழமைதோறும் வர ஆரம்பித்தான். அவன் வீட்டிலிருந்து குழம்பு வரும். அவனுக்கும் அக்காவை விட்டால் யாரும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து கேட்பான், கதவு என்றால் என்ன, மாமியாருக்கு என்ன மதிப்பு, மழையை எங்கே வைக்கலாம் என்று. வாசற்படியில் நின்று பார்த்த ஊருக்குள் இப்போதாவது வரட்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஆனால் கட்டைத் தொட விடவில்லை.

போன ஞாயிறு மத்தியானம் நான் குளித்துவிட்டு வந்தேன். மேஜை மேல் நடுக்கட்டு முழுவதும் நிமிர்த்தி விரித்திருந்தது. ஜாதி ஜாதியாக, வரிசை வரிசையாக. அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

“டேய்! இன்னாடா பண்ணிவெச்ச?”

ஓங்கி அடித்துவிட்டேன். இந்த வயதில் எனக்கு அவ்வளவு பலம் இருக்கிறதென்று எனக்கே தெரியாது. அவன் தடுக்கவில்லை.

“அடி மாமா. நல்லா அடி. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்றேன், கேளு.”

“பேசாத. ஆட்டத்த கெடுத்துட்ட. உங்கப்பன் புத்தி.”

“இதுல மழையே இல்ல மாமா.”

நான் நின்றேன்.

“அஞ்சு மழன்னு சொன்னியே. உன் கையையும் திருப்பிப் பாத்துட்டேன், அதுலயும் இல்ல. கட்டுல ஒண்ணு கூட இல்ல. அஞ்சும் அக்கா கைல இருந்துது.” அவன் விரித்திருந்த மீன் வரிசையைக் காட்டினான். “மீனுல மாமியாரும் இல்ல. அதுவும் அக்காகிட்டதான். அப்புறம் ஒரு விளக்கு கொறையுது. சரியா ஏழு.”

நான் உட்கார்ந்தேன். மாமியாரோடு இரண்டு மழை, ஒரு வீடு. விளக்கோடு இரண்டு மழை, இன்னொரு வீடு. அதற்கு மேலும் ஒரு மழை மிச்சம்.

“கடைசில அக்கா எப்டி ஆட்னுது? எடுத்தத வெச்சுகினு வேற குடுத்துச்சா, இல்ல எடுத்ததயே குடுத்துச்சா?”

“எடுத்ததயே.”

“எத்தினி நாளா?”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாளிலேயே அப்படித்தான் ஆடினாள். எடுப்பாள், பார்ப்பாள், என் கையில் வைப்பாள்.

“அப்ப கை நெறஞ்சு போச்சு மாமா. எறக்க வேண்டியதுதான் பாக்கி. எறக்கல.” அவன் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “நான் எத்தினியோ பேரோட ஆடி கீறேன். கைல முடிஞ்ச ஆட்டத்த வெச்சுகினு இத்தினி நாள் சும்மா குந்துனவங்கள நான் பாத்ததில்ல.”

நான் எதற்குக் காத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேனே, மழை வரும் மழை வரும் என்று. ஐந்து மழையையும் கையில் வைத்துக்கொண்டு என் எதிரில் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இறக்கியிருந்தால் அன்றைக்கே ஜெயித்திருப்பாள். அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு போட வேண்டியிருக்கும். அடுத்த ஆட்டம் முடியும்வரை இருப்போமா என்று அவள் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. சீக்கிரம் எடு, சீக்கிரம் எடு என்றுகொண்டிருந்தேன். அந்தக் கையை நானே மூடி மண்ணுக்குள் அனுப்பியிருக்கிறேன். திருப்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் அவள் முகத்தைப் பார்த்து, ஏன் இறக்கவில்லை என்று அங்கேயே கேட்டிருப்பேன்.

மூன்று ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் யாரும் நான் அழுது பார்த்ததில்லை. மச்சான் பார்த்தான். என் காலடியில் வந்து உட்கார்ந்துகொண்டான். அடித்த இடம் அவன் கன்னத்தில் சிவந்திருந்தது. நான் அதைத் தடவினேன்.

வெகு நேரம் கழித்து அவன் எழுந்து, விரித்ததையெல்லாம் சேர்த்துக் குப்புறக் கட்டாக அடுக்கினான். “முன்ன இருந்த வரிசை தெரியல மாமா.”

“பரவால்ல.”

“கலைச்சுப் போட்டு நம்ம ரெண்டு பேரும் புதுசா ஆடலாமா? மழ வேணும்னா உன் கம்பெனிலயே போட்டுக்கலாம். மை கீது, அட்ட கீது.”

“வேணாம்டா.”

“அப்ப எட்த்து வெச்சிடட்டுமா?”

“இருக்கட்டும். என் ஆட்டம் இன்னும் கீது.”

அவன் என்னைப் பார்த்தான். போய்க் குழம்பைச் சூடு பண்ணித் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தான். நான் என் ஏழு சீட்டையும் இடது கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பிசைந்தேன்.

“கீழ வெச்சுட்டுத் துன்னு மாமா. யாரும் பாக்க மாட்டாங்க.”

“நீ பாப்ப” என்றேன்.